முந்நூற்றுப் பதினெட்டுக் கணவர்கள்

தார்ப்பாயக்காவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக வரும். அதுதான் வந்த வினை. கோழி கிறுக்கினதுபோல் எழுதுகிறவளாக இருந்திருந்தால் ஒருவரும் அவளிடம் கடிதம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்க மாட்டார்கள், மானமும் போயிருக்காது.

தார்ப்பாய் தைப்பவள் என்பதால் அந்தப் பெயர். நாம் சுருக்கமாக அக்கா என்றே வைத்துக்கொள்வோம். படகுத்துறைக்குப் போகும் தெருவில் கடைசிக் கடை அவளுடையது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. உள்ளே கனத்த தையல் மெஷின் ஒன்று, சுருட்டி நிறுத்திய கித்தான் துணி, பித்தளை வளையம் நிறைந்த டப்பாக்கள், மூலையில் ஒரு நாற்காலி, அந்த நாற்காலியில் அவள் கணவர். படகுகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த மனிதர். அந்தப் புகை பதினோரு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. நாலு படி ஏறினால் நாற்பது படி ஏறியவர்போல் இளைப்பார். உட்கார்ந்தபடியே பாய்களின் ஓரத்தில் வளையம் அடிப்பார். கூடவே கிண்டலும் அடிப்பார், அதற்கு மட்டும் மூச்சு வாங்காது.

லாரிக்கோ பெரிய படகுக்கோ பாய் தைப்பது அந்தப் பொந்துக்குள் நடக்கிற காரியமா? முழுத் துணியையும் விரித்துப் போட வேண்டும். சாக்குக்கட்டி தேய்த்த நூலை இழுத்துக் கோடு தட்ட வேண்டும். மண்டிபோட்டு நகர்ந்து நகர்ந்து வெட்ட வேண்டும். அதற்குத்தான் எதிரே தளம் இருந்தது. எப்போதோ இடித்துவிட்ட ஐஸ் தொழிற்சாலையின் தரை அது. தண்ணீரை ஒட்டி நாற்பது தப்படி நீளம், இருபத்தைந்து தப்படி அகலம், மேடு பள்ளமில்லாத சிமெண்டுத் தரை. நகராட்சி நிலம், கேட்பார் இல்லை. அக்கா காலையில் இரும்புத் தகடுகளைச் சுமந்துபோய் நாலு மூலையிலும் வைத்து, காற்று தூக்காமல் துணியை விரிப்பாள். கணவர் படுத்துவிட்ட நாள்முதல் அந்தக் குடும்பம் சாப்பிட்டது அந்தத் தரையில் மண்டிபோட்டுச் சம்பாதித்த சோறுதான்.

அந்தத் தரையின் தலையில்தான் பலகையை நட்டார்கள். ‘நீர்முகப்புக் குடியிருப்பு, ஆறு கட்டடங்கள்’ என்று கொட்டை எழுத்து. படத்தில் ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. முதல் கட்டடம் நிற்கப்போவது தளத்தின் மேலேயே. அதைச் சுற்றி மதில். துறைக்குப் போகிற வழி ஒரு ஓரமாக, ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலத்தில்.

வெறும் பணக்காரர் வீடாக இருந்தால் அக்கா நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருப்பாள். ஆனால் கம்பெனிக்காரன் கெட்டிக்காரன். அந்த முதல் கட்டடத்தின் நாற்பத்தெட்டு வீடுகளை, நகராட்சியின் வீட்டுப் பட்டியலில் வருஷக்கணக்காகக் காத்திருப்பவர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டான். திட்டத்துக்கு ஒப்புதல் வருமுன்பே குலுக்கலும் நடந்துவிட்டது. அதில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு யாருக்கு விழுந்தது தெரியுமா? அக்காவின் நாத்தனாருக்கு. கணவரின் கூடப்பிறந்த ஒரே தங்கைக்கு.

நாத்தனார் ஒரு பெரிய விடுதியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். புருஷன், இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் குடித்தனம். ஜன்னலைத் திறந்தால் பேருந்துப் பணிமனை. டீசல் புகை வந்து துவைத்த துணியில் உட்காரும். ஒன்பது வருஷம் பட்டியலில் காத்திருந்தவள். குலுக்கல் முடிந்த அன்றைக்கு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அண்ணி! வீடு விழுந்துருச்சு அண்ணி! மூணாவது மாடி! ஜன்னலைத் திறந்தா தண்ணி தெரியும்!”

அக்காவுக்கு அன்று காலையில்தான் பலகை கண்ணில் பட்டிருந்தது. கோபம் மூக்குக்கு மேல் நின்றது. என்ன பேசுகிறோம் என்று யோசிக்காமல் கொட்டிவிட்டாள்.

“என் வயித்துல அடிச்சுத்தான் உனக்கு ஜன்னல் வேணுமா?”

நாத்தனார் கையில் வைத்திருந்த ஒதுக்கீட்டுத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு ஐந்து மாசம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணனை மட்டும் ஞாயிற்றுக்கிழமை போனில் விசாரிப்பாள். போனை அக்கா எடுத்தால் வைத்துவிடுவாள். அக்காவும் சளைத்தவளா? மணி அடித்தால் வேண்டுமென்றே கடைக்கு வெளியே போய் நிற்பாள்.

கடைசியில் நகராட்சி ஒரு அறிவிப்பு ஒட்டியது. திட்டத்தை ஆட்சேபிப்பவர்கள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம், வெள்ளிக்கிழமை நாலு மணி கடைசி. ஊர் கூடிப் பேசியது. அவரவர் எழுதினால் குழப்பம் வரும், ஒரு மாதிரிக் கடிதம் வேண்டும் என்றார்கள். எல்லார் கண்ணும் அக்காவிடம் போனது. அவள் எழுத்து முத்து முத்தாக வரும் என்று முதலிலேயே சொன்னேனே.

இங்கேதான் அவளுடைய தொழில் அவளைக் கவிழ்த்தது. தார்ப்பாய் வேலையில் ஒரு மாதிரி வெட்டிவிட்டால் போதும். அதை வைத்து நூறு பாய் வெட்டலாம். ஒரு விரற்கடை பிசகினாலும் ஓரம் ஓரத்தோடு சேராது. இருபது வருஷம் அப்படியே பழகிய கை. அக்கா மூன்று வரி எழுதினாள்: ‘நான் துறைத் தளத்தை நம்பித் தொழில் செய்கிறேன். என் கணவருக்கு மூச்சுத் திணறல் உள்ளது. தளம் போனால் எங்கள் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.’ பிறகு எல்லாரையும் நிற்கவைத்துக் கறாராகச் சொன்னாள்.

“ஒரு எழுத்து மாத்தக் கூடாது, சொல்லிட்டேன். அப்படியே எழுதணும். அவனவன் இஷ்டத்துக்கு மாத்தினா ஒண்ணோட ஒண்ணு சேராது.”

ஊரும் அவள் பேச்சைத் தட்டவில்லை. அப்படியே எழுதியது. முந்நூற்றுப் பதினெட்டுக் கடிதம். அக்காவே கட்டுக் கட்டி, கித்தான் பையில் போட்டு, நகராட்சியில் கொடுத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கடை போன் அடித்தது.

“அம்மா, நகராட்சி தபால் பிரிவுல இருந்து பேசறேன். நீங்க கொண்டுவந்து குடுத்த ஆட்சேபணைக் கடிதம் விஷயமா.”

“சொல்லுங்க சார்! எல்லாம் சரியா இருக்கா? முந்நூத்திப் பதினெட்டு.”

“எண்ணிக்கை சரிதாம்மா. ஆனா ஒண்ணுன்னுதான் பதிவாகியிருக்கு.”

“ஒண்ணா? என்ன சார், முந்நூறைக் காணோமா?”

“காணாமப் போகலம்மா. எல்லாம் என் மேஜை மேலதான் இருக்கு. ஒரே வாசகம் இருந்தா எத்தனை பேர் எழுதினாலும் ஒரே ஆட்சேபணை. விதி அப்படி.”

“அதெப்படி சார்! அவங்கவங்க கையால எழுதினது!”

மறுமுனையில் ஒரு கனைப்பு. “கையாலதான் எழுதியிருக்காங்க. ஆனா முந்நூத்திப் பதினெட்டு பேருக்கும் கணவர் இருக்காரு. முந்நூத்திப் பதினெட்டுக் கணவருக்கும் மூச்சுத் திணறல். இதுல பாதிக்கு மேல ஆம்பளைங்கம்மா.”

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூலையில் போனின் சத்தம் கேட்ட அளவில் விஷயத்தைப் பிடித்துக்கொண்ட கணவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, மருந்தை உறிஞ்சி, மறுபடி சிரித்தார்.

“பாவம்டீ, நம்ம பட்டறை வெல்டரு பையன்,” என்றார். “கல்யாணமே ஆகல, அதுக்குள்ள நோயாளிப் புருஷன்.”

“வாயை மூடுங்க!”

போனில் இருந்தவர் பொறுமையாகக் காத்திருந்தார். “இதையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லணும்னு எனக்குக் கட்டாயம் இல்லம்மா. வெள்ளிக்கிழமை நாலு மணி வரைக்கும் புதுக் கடிதம் வாங்குவோம். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.” வைத்துவிட்டார்.

அக்கா கத்திரியைத் தூக்கி மேஜைமேல் போட்டாள். அவமானத்தில் காது சுட்டது. எத்தனை பேர் அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள்! ‘ஒரு எழுத்து மாத்தக் கூடாது’ என்று அதட்டியது யார்? அவளேதான். அழுதால் நேரம் போகும் என்று அழாமல் கிளம்பினாள். அந்த மட்டுக்கும் புத்தியிருந்தது.

முதலில் போனது வெல்டர் பட்டறைக்கு. விஷயத்தைக் கேட்டதும் வெல்டர் முகமூடியைத் தூக்கிவிட்டு அவளையே பார்த்தான்.

“எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சுக்கா. கணவர்னு எழுதறப்போ கை கூசிச்சு. நீங்கதான் ஒரு எழுத்து மாத்தாதன்னீங்க.”

“நான் கெணத்துல குதின்னா குதிப்பியாடா?”

“நீங்க சொன்னா குதிச்சிருப்பேன்க்கா.”

அக்கா தாளை நீட்டி, அவன் வாயில் வருவதை அவனே எழுதும்படி உட்காரவைத்தாள். அவன் முக்கால் மணி நேரம் வேர்த்து வேர்த்து எழுதியது இது: ‘எனக்குக் கணவர் இல்லை. போன கடிதத்தில் எழுதியது தப்பு. நான் வெல்டிங் வேலை செய்கிறவன். படகைத் தளத்தில் ஏற்றிக் கவிழ்த்தால்தான் அடிப்பக்கம் எனக்குத் தெரியும். தண்ணீரில் மிதக்கிற படகில் நான் வெல்டிங் வைத்தால் படகோடு நானும் போய்ச் சேருவேன்.’

அக்கா அதை இரண்டு தரம் படித்தாள். அவள் எழுதிய மூன்று வரியைவிட இது எத்தனை நன்றாக இருக்கிறது!

அந்த மூன்று நாளும் அவள் மெஷினைத் தொடவில்லை. வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி: “தளம் உனக்கு எதுக்கு?” இருபது வருஷமாக அதே தரையில் மண்டிபோட்டவள், அது தன்னுடைய வெட்டுப்பலகை என்றே நினைத்திருந்தாள். மற்றவர்கள் வந்து போவதைப் பார்த்திருக்கிறாள். துணியை மிதிக்காதே என்று விரட்டியும் இருக்கிறாள். எதற்கு வருகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முடிதிருத்துபவர் எழுதினார்: ‘நாள் முழுக்கப் பேசுவது என் தொழில். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தளத்து ஓரத்தில் அரைமணி யாரோடும் பேசாமல் உட்காருவேன். அந்த அரைமணி இல்லாவிட்டால் ஒரு நாள் யார் காதையாவது வெட்டிவிடுவேன்.’ கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பெண், இந்த ஊரில் வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகியவர்கள் எல்லாரும் அங்கே பழகியவர்கள் என்று எழுதினாள். கால் முறிந்து கட்டுப் பிரித்த பேருந்து ஓட்டுநர் ஒருவர், தினமும் விடிந்ததும் அந்தத் தளத்தின் நீளத்துக்கு எண்ணி எண்ணி நடந்துதான் ஊன்றுகோலை விட்டாராம். “நீங்க துணி விரிக்கறதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடுவேம்மா, திட்டுவீங்கன்னு பயம்,” என்றார். அக்காவுக்குச் சுருக்கென்றது.

“இனிமே திட்டமாட்டேன்யா,” என்றாள்.

“திட்டாட்டி எனக்குச் சீக்கிரம் நடக்க வராதும்மா.”

ஒரு கிழவர் மட்டும் தளத்தால் தனக்குத் துளி உபயோகமில்லை என்று சாதித்தார். பிறகு உட்கார்ந்து, உபயோகமில்லாத இடம் ஒன்று ஊரில் இருக்கட்டுமே, எல்லாவற்றையும் உபயோகமாக்கிவிட்டால் மனுஷன் எங்கே நிற்பது என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினார். அவரை நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் கால் வீங்கிக் கடைக்குத் திரும்பியவளிடம் கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

“தங்கச்சிகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கலாமில்ல.”

“எந்த மூஞ்சியோட கேக்கறது? அவ வீடே தளத்து மேலதான் வருது. வந்த வீட்டை வேண்டாம்னு எழுதிக் குடுன்னு கேக்கச் சொல்றீங்களா?”

“எழுதச் சொல்ல வேண்டாம். பேசிட்டாவது வா.”

“என்னால முடியாது.” கோபத்தில் சொன்னதாக அவர் நினைத்திருக்கலாம். கோபம் எப்போதோ போய்விட்டது. நாலாக மடித்த அந்தத் தாள்தான் அவளைப் போகவிடாமல் தடுத்தது. சந்தோஷத்தைச் சொல்ல ஓடிவந்தவளை அப்படித் திருப்பி அனுப்பியவள், இப்போது உதவி கேட்டுப் போய் நிற்பதா?

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவள் பையில் தொண்ணூற்றேழு கடிதம் இருந்தது. முந்நூற்றுப் பதினெட்டு எங்கே, தொண்ணூற்றேழு எங்கே! பலருக்கு நேரமில்லை, பலருக்குச் சொந்தமாக எழுதக் கூச்சம். ஒவ்வொன்றையும் வாங்கிப் பிரித்துப் பார்த்த தபால் பிரிவு எழுத்தர், தடித்த கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், ஒரு ஓரமாகச் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

“நீங்கதானே சார் போன் பண்ணினது?”

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“உங்களுக்கு எதுக்கு சார் அந்த அக்கறை?”

“முந்நூத்திப் பதினெட்டையும் படிச்சேன்மா. படிக்கறது என் வேலை. நூறு தாண்டினப்புறம் உங்க வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கோன்னு எனக்கே கவலை வந்துருச்சு.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “சாருகிட்ட ஸ்கூட்டர் இருக்கா? நல்ல கித்தான்ல ஒரு உறை தைச்சுத் தரட்டுமா?”

“ஐயையோ, லஞ்சம்னு என்னைத் தூக்கி உள்ள போட்டுருவாங்க. போய்ட்டு வாங்கம்மா.”

விசாரணை அடுத்த புதன்கிழமை காலையில், நகராட்சி மன்றத்தின் நீண்ட கூடத்தில். முன்னால் விசாரணை அதிகாரி அம்மா; நரைத்த தலை, கையில் சிவப்புப் பேனா, எதற்கும் முகம் மாறாதவர். ஒரு பக்கம் கம்பெனியின் பொறியாளர், பெரிய வரைபடத்தைச் சட்டத்தில் மாட்டி நிறுத்தியிருந்தார். பின் வரிசைகளில் துறைத் தெரு முழுக்க அடைந்திருந்தது. அக்கா ஓரமாக, கணவரைக் கதவுப் பக்கத்துக் காற்றில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தாள். இன்று தளம் போனால் நாளைக்குத் துணியை எங்கே விரிப்பது? வேறு எந்த இடமும் அவளுக்குத் தெரியாது.

பொறியாளர் எழுந்து அழகாகப் பேசினார். “பயனின்றிக் கிடக்கும் காலி இடம்” என்று மூன்று தடவை சொன்னார். அதிகாரி கடிதக் கட்டைப் பிரித்தார்.

“எழுதினவங்க பேரும் முகவரியும் வாசிக்கமாட்டேன். விஷயம் மட்டும் வாசிக்கறேன்.” வெல்டரின் கடிதத்தை அப்படியே, முகம் மாறாமல் வாசித்தார். கூடம் குலுங்கியது. வெல்டர் தலையைக் கால்களுக்கு நடுவில் புதைத்துக்கொண்டான். முடிதிருத்துபவருடையது வந்தபோது பொறியாளரே தன் காதைத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றாக வந்தது. கூடத்தில் சிரிப்பு ஓய்ந்து, ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்காவுக்கு அந்தப் பின்வரிசைகளை எழுந்து கும்பிட வேண்டும்போல் இருந்தது. இத்தனை பேர் வேலையை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்களே!

“காலி இடம்னு சொன்னீங்களே,” என்றார் அதிகாரி பொறியாளரிடம், அவ்வளவுதான். பிறகு கட்டின் கடைசியில் இருந்த தாளை எடுத்தார். “அந்த ஒரே மாதிரிக் கட்டைத் தள்ளிட்டா மொத்தம் தொண்ணூத்தெட்டு. இது வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாலு நிமிஷம் இருக்கறப்போ வந்துது.”

தொண்ணூற்றெட்டா? தான் கொடுத்தது தொண்ணூற்றேழுதானே என்று அக்கா விரலை மடித்துப் பார்த்தாள். அதிகாரி வாசித்தார்.

‘எனக்கு முதல் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வீடு விழுந்திருக்கிறது. ஒன்பது வருஷம் காத்திருந்தேன். எனக்கு வீடு வேண்டும். வீடு கட்டாதீர்கள் என்று எழுத நான் வரவில்லை. நீங்கள் கொடுத்த வரைபடத்தை என் அறைச் சுவரில் ஒட்டிவைத்து ஐந்து மாசமாகத் தினமும் பார்க்கிறேன். அதனால் எனக்கு அது மனப்பாடம். முதல் கட்டடத்துக்குப் பின்னால் சாலைப் பக்கம் கார் நிறுத்த இடம் விட்டிருக்கிறீர்கள், நாற்பத்தெட்டு வீட்டுக்கு நாற்பத்தெட்டுக் கார். வேலை முடிந்து நாற்பத்தேழு வீட்டுக்காரர்களையும் தேடிப்போய்க் கேட்டேன். எங்களில் ஒருவரிடமும் கார் இல்லை. வாங்கப்போவதாகச் சொன்னவரும் இல்லை. இல்லாத காருக்கு விட்ட இடத்தில் எங்கள் கட்டடத்தை வையுங்கள். அளந்து பார்த்தேன், கொள்ளும்.’

அக்காவின் கை தானாகக் கணவரின் கையைப் பிடித்தது. அவர் ஏற்கெனவே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி பக்கத்தைத் திருப்பினார்.

‘அப்படி வைத்தால் என் ஜன்னல் சாலையைப் பார்க்கும், தண்ணீர் தெரியாது. சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேருந்துப் பணிமனை தெரியும். இப்போதும் அதுதான் தெரிகிறது, எனக்குப் பழக்கம்தான். தளத்தில் துணி வெட்டித்தான் என் அண்ணி என் அண்ணனைப் பிழைக்கவைத்தார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவரும் அவர்தான். அந்தத் தளத்தின்மேல் கட்டிய வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.’

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முகம் மாறாதவர்தான், துடைக்க மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஆனது.

“கொள்ளுமா?” என்று பொறியாளரைக் கேட்டார்.

அவர் வரைபடத்தின் முன் குனிந்து அளவுகோலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். “கொள்ளும் மேடம். ஆனா தண்ணி பாத்த வீடுன்னா அதோட மதிப்பு...”

“கொள்ளுமான்னு மட்டும்தான் கேட்டேன்.”

“கொள்ளும்.”

அதிகாரி சிவப்புப் பேனாவால் வரைபடத்தில் முதல் கட்டடத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். “எழுத்து மூலமான ஆணை மூணு வாரத்துல வரும். தளம் இருக்கற இடத்துல கட்டடம் வராது, துறைக்குப் போற வழி இப்ப இருக்கற அகலத்துலயே இருக்கும். அந்த நாப்பத்தெட்டு வீடும் சாலைப் பக்கம் நகரணும், ஒண்ணு குறையக் கூடாது. இதை இப்பவே சொல்லிடறேன்.”

பின்வரிசைகள் ஆரவாரித்தன. வெல்டர் யாரையோ கட்டிப்பிடித்தான். அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. கணவர் அவள் தோளைத் தட்டினார்.

“நீ ஓடு. நான் மெதுவா வெல்டரோட வர்றேன்.”

எங்கே என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

விடுதியின் சலவைப் பிரிவு நிலவறையில் இருந்தது. கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடித்தது. பெரிய மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. நடுவில் நீண்ட மேஜை, மேஜைமேல் மலைபோல் வெள்ளை விரிப்புகள். நாத்தனார் தனியாக நின்று, ஒரு விரிப்பின் இரண்டு முனையைக் கையிலும் நடுவைத் தாடையிலும் இடுக்கிக்கொண்டு மடிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். கூட மடிக்கிறவள் அன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது.

அக்கா வாசலில் நின்றாள். பேசுவதற்கு வழி முழுக்க என்னென்னவோ சேர்த்துவைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு நேரே போய்த் தொங்கிக்கொண்டிருந்த மறுமுனையைப் பிடித்தாள். நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். தாடையிலிருந்து துணி நழுவியது.

இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து துணியை விறைப்பாக இழுத்தார்கள். ஒரு மடிப்பு. எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். முகம் முகத்தின் அருகில் வந்தபோது அக்கா சொன்னாள்:

“நன்றி.”

வீட்டுக்குள் யாராவது அந்தச் சொல்லைச் சொல்வார்களா? நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “என்ன அண்ணி, மேடையில பேசற மாதிரி!”

“வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலடீ.” அக்கா தன் முனையை அவள் கையில் கொடுத்தாள். “உன் ஜன்னலை விட்டுக்குடுத்துட்டியே. அன்னிக்கு நான் பேசினது பேச்சா? ஓடி வந்தவளை...”

“எங்கண்ணனுக்காகத்தான் எழுதினேன். உங்களுக்குன்னு யார் சொன்னா?”

“பொய் சொல்லாத. அதிகாரி முழுசா வாசிச்சாங்க.”

நாத்தனார் மடித்த விரிப்பை மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் நீவினாள். நீவி முடித்த பிறகும் நீவிக்கொண்டே இருந்தாள்.

“ஜன்னல் இல்லாம இருந்துருவேன் அண்ணி,” என்றாள், தலையைத் தூக்காமல். “அஞ்சு மாசம் நீங்க பேசாம இருந்தீங்க பாருங்க, அதுதான் என்னால முடியல.”

அக்கா அவளை அப்படியே இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். மெஷின்கள் உறுமியதில் யார் அழுதது என்று யாருக்கும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் விலகி, முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குவியலிலிருந்து அடுத்த விரிப்பை உருவி ஒரு முனையை அண்ணியிடம் நீட்டினாள்.